கௌரம்மாவின் அத்திக் குச்சிகள்

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நான் பாதியில் எழுந்து கொல்லைப்பக்கம் போனேனே, ஞாபகம் இருக்கிறதா? அடுப்புப் புகை கண்ணில் பட்டுவிட்டது என்று சொன்னேன். அடுப்பு அணைந்து அரைமணி நேரம் ஆகியிருந்தது. நீ கவனிக்கவில்லை. நீ எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகாவில் இருக்கிற அத்திப்பள்ளி கம்பெனியைப் பற்றி, உன் பக்கத்து மிஷினில் நிற்கிறவனைப் பற்றி உன் அப்பாவிடம் கோபமாகச் சொல்லிக்கொண்டிருந்தாய். "அவன் பேரு மஞ்சுநாத்துப்பா. நாங்க தமிழ்ல பேசினாலே மூஞ்சத் திருப்பிக்கிறான். டீ டம்ளரக்கூட தனியா வெச்சிக்கிறான். 'இது உங்க ஊரில்ல, கன்னடத்துல பேசு'ங்கிறான். அவனே நம்ம தமிழ்நாட்டுப் பாகலூர்லருந்துதான் பஸ் ஏறி வர்றான்" என்றாய். அவனுக்கு ஏன் அப்படி ஒரு வெறுப்பு என்று அப்பா கேட்டார். அதற்கு நீ சொன்ன பதிலைக் கேட்டுத்தான் நான் எழுந்தேன். "அவங்கம்மாவ ஏதோ நர்சரியிலருந்து கன்னடக்காரின்னு துரத்திட்டாங்களாம். சின்ன வயசுலருந்து அதையே கேட்டு வளந்திருக்கான்."

கொல்லையில் நின்று உன் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நீயும் இன்னும் இரண்டு பையன்களும் சேர்ந்து அவன்மேல் மேனேஜரிடம் எழுதிக் கொடுக்கப் போவதாகச் சொன்னாய். கான்ட்ராக்டில் இருக்கிறவன், ஒரே நாளில் தூக்கிவிடுவார்கள் என்றாய். அடுத்த ஞாயிறு ஓவர்டைம், வர மாட்டேன், திங்கட்கிழமை தாளைக் கொடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனாய். அன்றிலிருந்து எனக்கு உட்கார்ந்தால் உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. நேரே உன் ரூமுக்கே வந்து சொல்லலாம்தான். ஆனால் உன் முகத்தைப் பார்த்தால் பாதி சொல்வதற்குள் "சோறு சாப்பிட்டியா" என்று வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன். என் குணம் எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். அவன் அம்மாவின் பெயர் கௌரம்மா. அவளை எனக்குத் தெரியும். அவளைக் கன்னடக்காரி என்பதால் நிறுத்தினார்கள் என்று அவளிடம் சொன்னவள் நான்தான். நான் சொன்னது பொய்.

நீ என் வயிற்றில் இருந்த வருஷம் அது. சிங்காரப்பேட்டையில் மழை இல்லாமல், கூலியும் இல்லாமல் நாங்கள் ஓசூர் வந்திருந்தோம். இங்கே அப்போதுதான் கம்பெனிகள் எழும்பிக்கொண்டிருந்தன. உன் அப்பா சிமெண்ட் சட்டி தூக்கப் போனார். நான் தளி ரோட்டில் ஒரு நர்சரிக்குப் போனேன். மண்ணும் எருவும் கலந்து கறுப்புப் பையில் நிரப்புவது என் வேலை. என் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பியவள் பாகலூரிலிருந்து வந்த கௌரம்மா. என்னைவிட இரண்டு வயது பெரியவளாக இருப்பாள். எனக்குக் கன்னடம் ஒரு வார்த்தை தெரியாது. அவள் தமிழைத் துண்டு துண்டாகப் பேசுவாள். நடுவில் தெலுங்கும் வரும். மத்தியானம் அவள் கொண்டுவரும் களியில் பாதி எனக்கு. மசக்கையில் எனக்கு எதுவும் ஒத்துக்கொள்ளாத நாட்களில் அந்தக் களி மட்டும்தான் வயிற்றில் தங்கியது. அவளுக்கு இரண்டு வயதில் ஒரு பையன். மாமரத்துக் கிளையில் சேலைத் தொட்டில் கட்டித் தூங்கவைப்பாள். அவன் அழுதால் யார் கை சும்மா இருக்கிறதோ அவர்கள் தூக்குவோம். பெரும்பாலும் நான்தான் தூக்கினேன். உன்னை வயிற்றிலும் அவனை இடுப்பிலும் வைத்துக்கொண்டு நர்சரி முழுக்க நடந்திருக்கிறேன். அந்தப் பையன்தான் நீ சொல்லும் மஞ்சுநாத்.

அந்த வருஷம் ஓனர் பெல்லாரிப் பக்கத்திலிருந்து புது ஜாதி அத்தி கொண்டுவந்திருந்தார். நாங்கள் சீமை அத்தி என்போம், கௌரம்மா அஞ்சூரா என்பாள். மாசி பிறந்ததும் தாய்ச்செடியில் குச்சி வெட்டிப் பதியம் போட வேண்டும். அந்த வேலையை மேஸ்திரி கௌரம்மாவுக்கு மட்டும்தான் கொடுப்பார். மற்றவர்கள் போட்டால் பத்தில் இரண்டு பிழைக்கும், அவள் போட்டால் எட்டு பிழைக்கும். நான் பையை நிரப்பிக்கொண்டே அவள் செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பென்சிலைவிடக் கொஞ்சம் தடித்த, முற்றிய குச்சியாகப் பார்த்து, ஒரு சாண் அளவுக்கு, கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டுவாள். வெட்டின இடத்தில் பால் வடியும். அது கையில் பட்டால் அரித்துத் தடித்துப்போகும். பால் காயட்டும் என்று ஒரு ராத்திரி நிழலில் கட்டாகக் கட்டி வைத்துவிட்டு, மறுநாள் ஆற்றுமணலில் இரண்டு கணு உள்ளே போகும்படி நடுவாள். கொஞ்சமாகத் தண்ணீர் தெளிப்பாள். அதோடு சரி. இலை துளிர்த்தாலும் தொட மாட்டாள். "துளிர் பொய் சொல்லும், பேர் சொல்லாது" என்பாள். அவள் பாஷையில் பேர் என்றால் வேர். குச்சிக்குள் இருக்கிற சத்தை வைத்தே மேலே இலை வந்துவிடும், கீழே ஒன்றும் இருக்காது, அதை நம்பி எடுத்தால் செத்துப்போகும் என்று அர்த்தம்.

எனக்கும் ஒரு தடவை செய்து பார்க்க ஆசை. மேஸ்திரியிடம் கேட்டேன். அவர் எல்லார் முன்னாலும் சிரித்தார். "நீ மண்ணு அள்ளு போதும். ஒரு நிமிசம் ஒரு எடத்துல நிக்காத ஆளு, நீ எங்க அத்தி வெக்கறது." அவர் சொன்னது சரிதான். ஆனால் எனக்குப் பொறுக்கவில்லை. அன்று சாயங்காலம் நிழலில் காய வைத்திருந்த கட்டிலிருந்து ஆறு குச்சிகளை உருவி, முந்தானைக்குள் இடுப்பில் செருகிக்கொண்டு வந்துவிட்டேன். ஆறு மாத வயிறு. யாரும் என் இடுப்பைப் பார்க்கவில்லை. விற்க வேண்டும் என்றோ யாருக்கும் கொடுக்க வேண்டும் என்றோ நினைக்கவே இல்லை. எனக்கும் வரும் என்று நானே பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் பின்னால், உடைந்த பானையில் மணல் போட்டு நட்டேன். தினமும் காலையில் ஒன்றைப் பிடுங்கி வேர் வந்துவிட்டதா என்று பார்ப்பேன், திரும்பச் செருகுவேன். இப்படியே மூன்றைக் கொன்றேன்.

ஓனருக்கு அந்த ஜாதி வேறு நர்சரிக்குப் போய்விடக் கூடாது என்று பயம். அதனால் மேஸ்திரி குச்சிகளை எண்ணி வைத்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. நான் குச்சி எடுத்த மறுநாளே என்னைக் கூப்பிட்டார். "நேத்து சாயங்காலம் அந்தக் கட்டுகிட்ட கடைசியா யாரு இருந்தா?" என்று கேட்டார். என் மணிக்கட்டில் பால் பட்டுத் தடித்திருந்தது. அதன்மேல் வளையலை இழுத்துவிட்டுக்கொண்டு, "கௌரம்மாதான் இருந்தா" என்றேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, கண்ணு. அவள்தான் எனக்குப் பிறகும் அங்கே இருந்தாள், குச்சிகளின்மேல் சாக்கு போட்டுவிட்டுப் போனாள். உண்மையைச் சொல்லியே ஒருத்தியை மாட்டிவிட முடியும் என்று அன்று தெரிந்துகொண்டேன். அவருக்கு அவள் கைகளைப் பார்த்தால் போதுமாக இருந்தது. இரண்டு கையும் பால்பட்டுச் சிவந்திருந்தது. அவளுடைய வேலையே அதுதானே.

சாயங்காலம் அவளிடம், நாளையிலிருந்து வர வேண்டாம் என்று மட்டும் சொன்னார். காரணம் சொல்லவில்லை. "யாக்கே? யாக்கே?" ஏன், ஏன் என்று அவர் பின்னாலேயே கேட்டுக்கொண்டு போனாள். ஓனர் சொல்லிவிட்டார் என்று அவர் உள்ளே போய்விட்டார். அவள் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். "உனக்குத் தெரியுமா? நான் என்னா தப்பு பண்ணிட்டேன்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அதுகூடப் பாதிப் பாவத்தோடு போயிருக்கும். ஆனால் அவள் கேட்டுக்கொண்டே நின்றால் மேஸ்திரி வெளியே வந்து உண்மையைச் சொல்லிவிடுவாரோ, அவள் இல்லை என்று சத்தியம் செய்வாளோ, அப்புறம் அடுத்த கண் என்மேல் விழுமோ என்று பயம். அவள் சீக்கிரம் போய்விட வேண்டும் என்று இருந்தது. இந்த எல்லையோரத்தில் யார் வேலையை யார் பிடுங்குகிறார்கள் என்ற பேச்சு எந்நேரமும் டீக்கடையில் கிடக்கும். கையில் அகப்பட்டது அதுதான். "கன்னடக்காரங்கள எல்லாம் நிறுத்தப் போறாங்களாம், பேசிக்கிட்டாங்க" என்றேன். அவள் மாமரத்தில் கட்டியிருந்த சேலையை அவிழ்த்து மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இன்னும் இரண்டு கன்னடக்காரப் பெண்கள் அங்கே தொடர்ந்து வேலை செய்துகொண்டுதான் இருந்தார்கள். அவள் திரும்பி வந்து பார்த்திருந்தால் என் பொய் ஒரே நாளில் உடைந்திருக்கும். அவள் மானஸ்தி, வரவில்லை.

நான் நட்டதில் ஒன்று மட்டும் வேர் விட்டது. நீ பிறந்து, பாலுக்கு அழுது, எனக்குப் பானைப் பக்கம் போகவே நேரமில்லாமல் போனதால் அது பிழைத்தது. நாம் சொந்த இடத்துக்கு வந்தபோது அதையும் பெயர்த்துக்கொண்டு வந்தோம். நீ ஏறி விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்ட மரம் அதுதான். நர்சரி ஓனர் சந்தோஷமாகக் கொடுத்தது என்று உன்னிடமும் அப்பாவிடமும் சொல்லி வைத்திருந்தேன். நீ அதைப் பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்வாய். அப்போதெல்லாம் நான் உன்னைச் சத்தம் போட்டு வேறு வேலைக்கு அனுப்புவேன். காரணமில்லாமல் எரிந்து விழுகிறாள் என்று நீ நினைத்திருப்பாய்.

நீ போன மறுநாள், திங்கட்கிழமை, பாகலூர் பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கித் திரும்பி வந்தேன். செவ்வாய்க்கிழமை பாகலூர் வரை போய், அவர்கள் தெருவைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, தெருமுனையில் நின்றுவிட்டுத் திரும்பினேன். அன்று சாயங்காலம் உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இன்னாத்துக்கு இப்ப அதக் கிளர்ற? நம்ம புள்ளய திட்றவன் வேலை போனா போவட்டும்" என்றார். ஆனால் மறுநாள் காலையில் அவர் ஷிப்டுக்குக் கிளம்பும்போது, "நானும் வரட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். புதன்கிழமை தனியாகவே போனேன்.

அவள் வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். நிழல் பட்டதும் கோழி பார்ப்பதுபோல் தலையை ஒரு பக்கமாகத் திருப்பிப் பார்த்தாள். இடது கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. நர்சரியை விட்டபிறகு ஓசூரைச் சுற்றி எந்த நர்சரியிலும் அவளைச் சேர்க்கவில்லையாம். கல்குவாரியில் ஜல்லி உடைக்கப் போயிருக்கிறாள். ஒரு சில்லு தெறித்துக் கண்ணில் அடித்திருக்கிறது. இதையெல்லாம் அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள், என்னைப் பார்த்ததில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். என் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். நான் வாங்கிக்கொண்டு போன பன்னும் வாழைப்பழமும் மடியிலேயே இருந்தன. இதற்குமேல் உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரிந்து எழுந்து நின்றுகொண்டு சொன்னேன்.

முழுவதும் கேட்டாள். கை அவரையை உரிப்பதை நிறுத்தவில்லை. பிறகு, "அப்ப கன்னடக்காரின்னு அனுப்பல" என்றாள். இல்லை என்றேன். "கள்ளின்னு அனுப்பினாங்க" என்றாள். அவள் முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "பாஷைக்காக அனுப்பினாங்கன்னா எனக்கு அவமானமில்ல, அது அவங்க புத்தி. அத நெனச்சுத்தான் நான் தலை நிமுந்து இருந்தேன். இத்தன வருசமா அந்த ரோட்டுல இருக்கறவங்க எல்லாம் என்னக் கள்ளின்னு பேசிக்கிட்டிருந்தாங்களா? அதான் யாரும் சேக்கலயா?" என்று கேட்டாள். உண்மையைச் சொன்னால் அவள் மனசு ஆறும் என்று நினைத்துத்தான் போனேன். அவள் அவ்வளவு காலம் பிடித்துக்கொண்டு நின்ற ஒன்றையும் நான் பிடுங்கிவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. "இப்ப இன்னாத்துக்கு வந்த?" என்றாள். உன்னைப் பற்றியும் மஞ்சுநாத்தைப் பற்றியும் சொன்னேன். "உம் புள்ளைக்குப் பிரச்சனைன்னதும் வந்திருக்க. என் கண்ணு போனப்ப வரல" என்றாள்.

நான் கிளம்பும்போது தெருவரை வந்தாள். "நாளைக்கு வா. தளி ரோட்டுக்குப் போலாம். என்னைக் கள்ளின்னு சொன்னவங்க முன்னால சொல்லு" என்றாள். மறுநாள் இரண்டு பேரும் போனோம். பஸ்ஸில் அவள் முன்சீட்டில் உட்கார்ந்தாள், நான் பின்னால். மேஸ்திரி இப்போது அதே ரோட்டில் சொந்தமாக நர்சரி வைத்திருக்கிறார். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். எங்கள் காலத்து ஆள் ஒருத்தியும் இருந்தாள். "அன்னிக்கு அத்திக் குச்சி எடுத்தது நான். கௌரம்மா இல்ல" என்றேன். மெதுவாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. "ஜோரா சொல்லு" என்றாள் கௌரம்மா, சத்தமாகச் சொல் என்று. திரும்பச் சொன்னேன். மேஸ்திரி முதலில் புரியாமல் பார்த்தார், புரிந்ததும் சிரித்தார். "அட, அது எந்தக் காலம். வெறும் குச்சிதானே" என்றார். "குச்சிதானேன்னு அன்னிக்கு சொல்லியிருந்தா நான் கல்லு உடைக்கப் போயிருக்க மாட்டேன்" என்றாள் கௌரம்மா. அவர் சிரிப்பு நின்றது. அந்தப் பழைய ஆள் மண் கையோடு எழுந்துவந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, "நான் நம்பிட்டேன்டி, இவ்ளோ நாளும் நம்பிட்டேன்" என்று அழுதாள். கௌரம்மா அழவில்லை. பாகலூரில் இறங்கும்போதுதான் என்னிடம் பேசினாள். "சனிக்கிழமை மஞ்சு மத்தியானமே வந்துடுவான். அவங்கிட்டயும் நீதான் சொல்லணும். வர்றப்ப அந்த மரத்துலருந்து குச்சி வெட்டிட்டு வா. பன்னு கின்னு வேணாம்."

முந்தாநாளே வெட்டி ஒரு ராத்திரி நிழலில் வைத்திருந்த பத்துக் குச்சிகளை நேற்று கொண்டுபோனேன். ஒவ்வொன்றாக ஒற்றைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, "இது இளசு, அழுகிடும்" என்று நான்கைத் தூக்கி எறிந்தாள். மீதி ஆறையும் அவள் மணலில் செருகிக்கொண்டிருக்கும்போது மஞ்சுநாத் டிபன் கேரியரோடு வந்தான். உன்னைவிட உயரம். என்னை யாரென்று அவள் சொல்லவில்லை. கன்னடத்தில் உட்காரச் சொன்னாள், அவன் உட்காரவில்லை. நான் சொல்லச் சொல்ல அவன் என்னைப் பார்க்கவே இல்லை, அவன் அம்மாவின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். முடித்ததும், "அன்னிக்கு நான் எங்க இருந்தேன்?" என்று அவளிடம் கேட்டான். "தொட்டில்ல. அழுதா இவதான் தூக்குவா" என்றாள். அவன் வெளியே போய்விட்டான். திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. வந்ததும் என்னிடம் தமிழில் பேசினான். நம்மைவிட நன்றாகவே பேசுகிறான். "உங்க பையனுக்கு இது தெரியுமா?" என்றான். தெரியாது என்றேன். "அவன நான் நெறைய பேசிட்டேன். அதுக்கு நான்தான் பதில் சொல்லணும், நீங்க இல்ல. ஆனா இந்த விசயத்த நான் போய் சொன்னா அவன் நம்ப மாட்டான், சண்டையாயிடும். நீங்களே சொல்லிடுங்க" என்றான்.

எழுதிக் கொடுக்காதே என்று நான் உன்னைக் கேட்கவில்லை. அவன் உன்னைப் பேசியது பேசியதுதான், அதில் பொய் இல்லை. ஆனால் நடந்ததை மட்டும்தான் சொன்னேன் என்ற தைரியத்தில் நான் ஒருத்தியின் பிழைப்பைக் கெடுத்தேன். அந்தத் தாளில் பெயர் போடுவதற்கு முன்னால் உனக்கு இவ்வளவும் தெரிந்திருக்க வேண்டும். என்மேல் கோபம் வரும். வரட்டும். இரண்டு ஞாயிறு, மூன்று ஞாயிறு நீ வராவிட்டாலும் ஏன் என்று ஆள் அனுப்பிக் கேட்க மாட்டேன். கௌரம்மா என்னை மன்னித்துவிட்டாள் என்றும் நினைத்துக்கொள்ளாதே. அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நாளைக் காலை முதல் ஷிப்டில் மஞ்சுநாத் உன் பக்கத்து மிஷினில் வந்து நிற்பான். அவனுக்கு எல்லாம் தெரியும்.

உன் அப்பா வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கிறார், அத்திப்பள்ளி பஸ் போய்விடும் என்கிறார். இன்னொரு தடவை படித்துப் பார்த்தேன் என்றால் இதைக் கிழித்துவிடுவேன். படிக்காமலே மடித்து அவரிடம் கொடுக்கிறேன்.

அம்மா